நாலாவது பிளக்

போலுப்பள்ளி மேம்பாலம் ஏறுகையில்
நாலாயிரம் ஆர்பிஎம்மில் ஒரு விக்கல்.
டர்போ மூச்சை இழுத்துவிட்டு
சொல்ல வந்ததை மறந்துபோனது.

கழற்றிப் பார்த்தேன்.
மூன்று பிளக்கும் பிஸ்கட் நிறம்.
இரண்டாம் சிலிண்டருடையது மட்டும்
கரி பிடித்து, பெட்ரோல் வாடையோடு,
ஒப்புக்கொண்டுவிட்ட முகம்.

ராயக்கோட்டை ரோட்டில் திம்மராயன் கடை.
"வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்றவர்
வெப்ப எண் ஒரு படி குளிர்ந்தது வேண்டும்,
இடைவெளி புள்ளி ஏழு என்றதும்
மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

தாமிரம் மலிவு, சீக்கிரம் தேயும்.
பிளாட்டினம் டாக்ஸிக்காரர்கள் கேட்பது.
இரிடியத்தின் முனை
தையல் ஊசிக்குப் போட்டி.
போலி எது என்று
அவரே நகத்தால் சுரண்டிக் காட்டினார்.
எழுத்து உதிர்ந்தது.
"பின்ன இத ஏன் வெச்சிருக்கீங்க?"
"கேக்கறவங்க இருக்காங்களே."

நிஜம் மூன்றுதான் இருந்தது.
நாலாவது ஓசூரிலிருந்து பஸ்ஸில் வரும்.

அரைமணியில் நான் கடக்கும் ஐம்பது கிலோமீட்டர்.
சூளகிரியில் ஆள் ஏற்றி,
குருபரப்பள்ளியில் காலித் தக்காளிக்கூடைகளை
ஒவ்வொன்றாய் இறக்கி,
ஆறே முக்காலுக்கு வந்து சேர்ந்தது வண்டி.
கண்டக்டர் பையில்
சில்லறைக்கும் டிக்கெட் மெஷினுக்கும் நடுவே
நடுவிரல் நீளத்தில் ஒரு பெட்டி.
"இதுக்கா இவ்ளோ நேரம் நின்னீங்க?"

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில்
சிமிட்டும் டியூப்லைட்டுக்குக் கீழே
பில்லர் கேஜை நுழைத்துப் பார்த்தேன்.
புள்ளி ஏழு.
அவ்வளவு குலுங்கி வந்தும்
மயிரிழை பிசகவில்லை.