நடுவில் நிறுத்தினேன்

மல்லாட்டை அடிக்கும் மிஷினுக்கு
சருகைத் துப்ப ஒரு வாய்.
காற்று மாறினால் வாயும் மாறவேண்டும்.
டிராக்டரிலிருந்து இறங்கி, பெல்ட்டைச் சுற்றிப் போய்,
இரண்டு கையாலும் திருகிவிட்டு ஏறுவதற்குள்
மலைப்பக்கத்துக் காற்று
மறுபடி மனசு மாறியிருக்கும்.

முதலில் கயிறு கட்டினேன்.
வா என்றால் வந்தது,
போ என்றால் போகவில்லை.
அப்புறம் கிணற்று ராட்டினம் இரண்டு.
அதில் சிக்கி
ஏகாம்பரத்தின் தலைப்பாகை மேலே போனது.

வேலூரில் நிசார் பாயின் காயலான் கடையில்
பழைய மாருதி வேனின் வைப்பர் மோட்டார்,
முந்நூற்றைம்பது ரூபாய்.
“மழையைத் துடைச்சுது,
தூசியையும் துடைக்கட்டும்” என்றார்.
குழாயின் கழுத்தில்
சைக்கிள் செயினைச் சுற்றிப் பற்றவைத்தேன்.
மோட்டாருக்குச் சின்னப் பல்சக்கரம்.
ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச்:
மேலே தட்டினால் கிழக்கு, கீழே தட்டினால் மேற்கு.
ஒடுகத்தூரில் அன்று
கடலையை யார் பார்த்தார்கள்?
கழுத்து திரும்புவதைத்தான் பார்த்தார்கள்.

களத்துக்கு மேற்கே நவநீதத்தின் வீடு.
கொடியில் காயும் துணியில் சருகு விழுந்தால்
காற்றைத் திட்டிவிட்டு
உதறி மடித்துக்கொண்டு போவாள்,
நாலு வருஷமாக.
நேற்று ஈரச்சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு
டிராக்டருக்கு முன்னால் வந்து நின்றாள்.
“சுவிட்ச்சு உன் கையிலதானே இருக்குது?”

ஆக்சிலேட்டரைக் குறைத்தேன்.
கிழக்கே மூடாத கிணறு, என்னுடையது.
காற்று சும்மா இருந்தது,
தனக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல.

இன்னும் பதினோரு மூட்டை பாக்கி.
துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு
குழாயின் வாயை
நேராக என் பக்கம் திருப்பி
நடுவில் நிறுத்தினேன்.