பால்கனியில் நாற்பத்து மூன்று

பூர்ஜ் ஹம்மூதில் கரண்ட் வந்தால்
"அரசாங்கம் வந்துடுச்சு!" என்று
படிக்கட்டெங்கும் கத்துவார்கள்.
இரண்டு மணி நேர அரசாங்கம்.
அது போனபின் தெருமுனை ஜெனரேட்டர், மாதச் சந்தாவுக்கு.
அதுவும் அணைந்தால்
நான்காம் மாடியில் டாக்டர் வாஸ்கெனின் பல் நாற்காலிக்கு
என் இன்வெர்ட்டர்.

ரிலே டக்கென்று பக்கம் மாறும்.
நக அளவுச் சில்லு
நொடிக்கு நூறு முறை பேட்டரியிடம் கேட்கும்: எவ்வளவு?
முதலில் அள்ளிக் கொடுக்கும்.
பதினான்கு புள்ளி நான்கு வோல்ட் தொட்டதும்
அங்கேயே பிடித்து நிறுத்தி
ஆம்பியர் தானாய் மெலியக் காத்திருக்கும்.
பிறகு பதின்மூன்றரைக்கு இறங்கி
சும்மா விரல் வைத்தபடி இருக்கும்.
இதை எழுத எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

ஆகஸ்டில் போன்.
"அராக்ஸி, உன் பெட்டி நாறுது."
அழுகிய முட்டை நாற்றம்.
நோயாளிகளிடம் சாக்கடை என்று சமாளித்திருக்கிறார்.

லேப்டாப்பைச் சொருகினேன்.
வோல்ட் சரி. ஆம்பியர் சரி.
வெப்பம் இருபத்தாறு.
"பேட்டரிதான் மட்டம்" என்றேன்,
கடைக்காரனின் பெயரையும் சொல்லித் திட்டினேன்.

தட்டு கழுவிக்கொண்டிருந்த லமியா
திரும்பாமலே சொன்னாள்:
"அது தண்ணி நிறையக் குடிக்குது."

கருவிகளை அவிக்க வாங்கும் வடித்த நீரை
அவள்தான் ஊற்றிவந்திருக்கிறாள்.
யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.
பால்கனிச் சுவரில் பென்சில் கோடுகள்:
மே மாதம் ஒன்று,
ஜூலையில் நான்கு,
இந்த மாதம், பத்தாம் தேதிக்குள், ஆறு.

பேட்டரியின் விலாவில் கை வைத்தேன்.
சுட்டது. எடுத்துவிட்டேன்.
மேற்கு பார்த்த பால்கனி.
வெப்பம் அறியும் குண்டுமணியை நான் வைத்ததோ
உள்ளே, ஏசி அறையில், என் பலகையின் மேலேயே.
தான் குளிர்ந்திருந்த சில்லு
அடுத்த சுவருக்கு அப்பால் கொதிப்பதற்கு
வாயில் திணித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்று மீட்டர் வயர், ஜன்னல் இடுக்கு வழியாக.
ஒட்ட எதுவும் இல்லை என்றேன்.
லமியா பல்லடைக்கும் பசையைப் பிதுக்கி
நீல விளக்கை இருபது நொடி காட்டினாள்.
கல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

நாற்பத்து மூன்று டிகிரி.
பதினெட்டு டிகிரி அதிகம்,
டிகிரிக்கு இருபத்துநான்கு மில்லிவோல்ட் கழிக்க வேண்டும்.
கீழே கூச்சல் கேட்டது, அரசாங்கம் வந்தது,
ரிலே மாறியது,
எண் ஏறி ஏறி
பதின்மூன்று புள்ளி ஒன்பது ஏழில் நின்றது.
வெந்துபோன தகடுகள் வெந்தவைதான்.
அதை டாக்டரிடம் சொன்னபோது
பில்லைப் பற்றிப் பேச்சு வரவில்லை.

பையை மூடினேன்.
"இந்த வயர் அறுந்துட்டா?" என்றாள் லமியா.

அறுந்தால்
சில்லு அதைக் கடும்பனி என்று படிக்கும்.
ஐயோ பாவம், குளிரில் கிடக்கிறதே என்று
இன்னும் கூட்டிக் கொடுக்கும்.

பையைத் திறந்து
லேப்டாப்பை மறுபடி வெளியே எடுத்தேன்.