ஒரு பொறியை விழுங்கு

தொண்ணூற்றெட்டு மாடல் எஸ்டீம்.
மழை பெய்தால் போதும்,
ஆதம்பாக்கத்து அப்பார்ட்மென்ட்டின்
பேஸ்மென்ட் சரிவில்
முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே
பாசியை அரைக்கும்.

"இதுக்குப் போயா? நாலு டயர மாத்து சார்"
என்றார் புதுப்பேட்டை தஸ்தகீர்.
ஆனாலும்
நசுங்கிப்போன ஏதோவொரு வண்டியிலிருந்து
நான்கு சென்சார் கழற்றித் தந்தார்
கிரீஸ் கையால் எண்ணி.

பதினோரு ஞாயிறு.
பின்சக்கரம் உருளாமல் முன்சக்கரம் சுழன்றால்
ஒரு பொறியை விழுங்கு,
அவ்வளவுதான் போர்டுக்கு நான் சொல்லிக்கொடுத்தது.
அது முதல் நாளே எல்லாப் பொறியையும் விழுங்கி
கத்திப்பாரா மேலே செத்துக் கிடந்தது.
பின்னால் வந்த பஸ் டிரைவர்
என் பரம்பரையை விசாரித்தார்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
வெறித்த காலையில் சரிவில் வண்டி
இருமியது, திக்கியது,
வாய்வரை வந்த வசவை
மென்று முழுங்குகிறவன் மாதிரி தயங்கி
ஏறியது.

வழக்கம்போல் தள்ள ஓடிவந்த
வாட்ச்மேன் ஏசுபாதம்
பின்கண்ணாடியில் கை வைத்தார்.
வைத்த கை அந்தரத்தில் நின்றது.

கிண்டி சிக்னலில்தான் கவனித்தேன்:
ஐந்து விரலும் விரிந்த சேற்றுத் தடம்
இன்னும் தள்ளிக்கொண்டிருந்தது.