வெர்லின் ஹாஸ்கட்டின் கையெழுத்து

கெல்லம் மாவட்ட நீதிமன்ற நிலவறையில்
ஹீட்டர் வேலை செய்வதில்லை.
கோட்டைக் கழற்றாமலேதான் கோப்புகளைப் பிரிப்பேன்.
ஐடஹோவின் பிப்ரவரி அப்படி.

ஹாஸ்கட், வெர்லின்.
மூன்று பெட்டிகள். ஒன்றில் எலி புகுந்திருக்கிறது.

முதல் கையெழுத்து பத்தொன்பது வயதில்:
டயர் கடைக்குக் கொடுத்த காசோலை,
நாற்பத்திரண்டு டாலர், கணக்கில் பணமில்லை.
முதல் எழுத்தின் கால் நடுங்குகிறது.

அடுத்து, பக்கத்துப் பண்ணையின் பன்னிரண்டு கன்றுகள்.
காதுவில்லைகளை அறுத்துவிட்டுத்
தன் வில்லையைக் குத்தியிருக்கிறான்.
உள்ளே போனவன் கன்றுத் திருடன்.
எட்டு மாதம் கழித்து வெளியே வந்தவன்
பாஸ்டர்.

வெள்ளை விதைச் சபை, வரிவிலக்கு மனு.
நோக்கம்: எங்கள் இனத்தைக் காத்தல்.
ஊழியர் எண்ணிக்கை: ஒன்று.
இங்கே கையெழுத்து நிமிர்ந்துவிட்டது,
அடியில் ஒரு கோடு வேறு.

ரத்தம் ரத்தத்தை ஏமாற்றாது என்றானாம்.
எழுபத்தொன்பது வயது ஓர்லா ட்வெட்
வீட்டை எழுதிக் கொடுத்தாள்.
அந்த மார்ச்சில் அவளை
மாவட்ட முதியோர் விடுதியில் சேர்த்த படிவத்தில்
உறவினர் என்ற கட்டம் காலி.

பிறகு ரொட்டிக்கடை.
அவன் அங்கே இல்லை.
எப்போதுமே அவன் அங்கே இல்லை.
மண்ணெண்ணெய் ரசீதில் பையன்களின் கிறுக்கல்.
புகைப்படத்தில் அடுப்பு மட்டும் நிற்கிறது,
கதவு திறந்தபடி.

எஃப்ராயின் ருபால்காபாவின் வாக்குமூலம், ஒன்றரைப் பக்கம்.
மாவு பிசைய இரண்டு மணிக்கு எழுவேன், என்று தொடங்குகிறது.
கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில்
செவிலி எழுதியிருக்கிறார்:
கைகளில் கட்டு.

மூன்றாவது பெட்டியில்தான் அந்த ஒப்பந்தம்.
முப்பது வருடம் பதினொன்றாகக் குறைய
பதினான்கு பெயர்கள் கொடுத்தான்.
அத்தனையும் தூய ரத்தம், அவன் கணக்குப்படி.
ஏழாவது பெயர் என் தம்பியுடையது,
மெர்ரிட் ஸ்லேட்டன்,
எழுத்துப் பிழையோடு.
நான்கு வருடம் அவனுக்கு வண்டி ஓட்டியவன்.
அடியில் வெர்லின் போட்டது
மூன்று பெட்டியிலும் மிக அழகான கையெழுத்து.

கையெழுத்து நன்றாயிருந்தால்
தலையெழுத்து நன்றாயிராது என்பார்கள்.
யாருடைய தலை என்று சொல்வதில்லை.

கடைசித் தாள் சிறையிலிருந்து:
சீப்பு, பல்செட், இதய மாத்திரை,
பெற்றுக்கொண்டேன்.
மறுபடியும் கால் நடுங்குகிறது.
எனக்கு அதில் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன்.

மதியம் மேலே ஜன்னலில் ஒரு பெண்.
அப்பாவின் வாக்குமூலம் வேண்டும் என்றாள்.
ரோசெலியா ருபால்காபா,
மாவு ஒட்டிய ஸ்வெட்டர்.
பக்கத்துக்கு ஐம்பது சென்ட்.
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் நான்கு காசுகளை
எண்ணி வைத்துவிட்டு
ரசீது கேட்டாள்.

போட்டுக் கொடுத்தேன்.
முழுப்பெயர், ஸ்லேட்டன் உட்பட.

அவள் கதவருகில் நின்று
அதைப் படித்தாள்.