பதினான்காம் மாதிரி

கிண்டி தொழிற்பேட்டை, இரண்டாம் மாடி.
மேசைமேல் இடது கால் மட்டும் முழுசாக.

பசை இல்லை, ஒரு சொட்டுகூட.
அடிப்பாகத்தையும் மேல்துணியையும்
ஒரே நூல் பிடித்திருக்கிறது.
குதிகாலில் முனையைப் பற்றி இழுத்தால்
நாற்பது விநாடி:
ரப்பர் ரப்பராக, துணி துணியாக,
அடுத்த ஷூவுக்குப் போய்விடலாம்.

பசை போட்டு நான் வரைந்த பழைய சோடிகள்
பெருங்குடிக் குப்பைமேட்டில்
இன்னும் கட்டிக்கொண்டு கிடக்கும்.
பிரிக்க ஆளில்லை. பிரியவும் தெரியாது.

வலது கால் பிஸ்கட் டப்பாவில் வந்தது,
மூன்று துண்டாக.
ஹெலன் புஷ்பம், நானூறு மீட்டர்.
மழை விட்ட காலையில் ஓடியிருக்கிறாள்.
கடைசி வளைவில் நூல் தானாக அவிழ,
அடிப்பாகம் நாலாம் தடத்தில் நிற்க,
இவள் நிற்கவில்லை.
காலுறையில் கட்டைவிரல் அளவு ஓட்டை;
அதையும் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.

சோதனைத் தாளில்
‘அணிந்தவர் கருத்து’ கட்டத்தில்
நீலப் பேனா:
“மேடம், பிரியறது சூப்பர்.
எப்போ பிரியணும்னு மட்டும்
அதுக்குச் சொல்லிக் குடுங்க.”
நேரம்: அறுபத்தொன்று புள்ளி நான்கு.

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.
ஒன்பதரை மணி. டீ ஆறிவிட்டது.
நூலை ஈரப்படுத்தி, முடிச்சை மாற்றி,
மறுபடி ஒரு சுற்று.

தாம்பரம் வண்டி போகிறது.
மேசை லேசாக அதிர்கிறது.
முடிச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இருக்கிறது.

அடுத்த வண்டி வரட்டும்.