கடைசிப் படகு ஒன்பது நாற்பதுக்கு

படகு நேர அட்டவணையின் பின்பக்கம்
வெறுமையாக இருந்தது.
அதில்தான் எழுதுகிறேன்.
வியாழன் காலை பெர்கனில்
டாக்டர் ஹெல்லேலான் எனக்கு ஒதுக்கியிருப்பது
நாற்பது நிமிடம்.
போன முறை கிடைத்த இருபதை
தலையாட்டியே தீர்த்துவிட்டேன்.
காரில் ஏறியதும் ஓட்வார் கேட்டான்:
"என்ன சொன்னாங்க?"
கண்ணாடியில் வைப்பர் போய்ப் போய் வந்தது.
"நல்ல பெண்மணி" என்றேன்.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது.
காவல் உங்கள் உடம்பிலேயே இருக்கிறது, துரீட்,
அதைப் பிடித்து வைத்திருக்கும் பிரேக்கை
இந்த மருந்து எடுத்துவிடும், என்றார்.
வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம்.
முப்பத்தொரு குளிர்காலம்
இந்த மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவள் நான்.
பதினான்கு டன்.
முன்னால் இரும்புக் கலப்பை.
பிரேக்கை எடுத்தால் வண்டி ஓடும், சரி.
எங்கே போய் நிற்கும்?

முதல் கேள்வி அதுதான்.
அடித்துவிட்டு மரியாதையாக மாற்றினேன்:
என் காவல் என்னையே கடித்தால்
முதலில் எங்கே தெரியும்?
குடலிலா, நுரையீரலிலா, தோலிலா,
கழுத்துக்குள் ஒளிந்திருக்கும் அந்தச் சின்னச் சுரப்பியிலா?
ஒரு நாளைக்கு எத்தனை முறை வயிற்றால் போனால்
ஃபோன் செய்ய வேண்டும்?
இதை எப்படி வாய்விட்டுக் கேட்பது என்று
பேனாவைக் கீழே வைத்தேன்.
"ஆட்டுக்கு மட்டும் கேட்டியே,
அந்தக் கால்நடை டாக்டர்கிட்ட?
அதே மாதிரி கேளு."

சரி, இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால்?
யார் எண், யார் எடுப்பார்கள்?
கடைசிப் படகு ஒன்பது நாற்பதுக்குப் போய்விடும்.
மூடுபனியில் ஹெலிகாப்டர் இறங்காது.
மீதி இருப்பது மலைப்பாதை.
அதைத் திறக்க ஓர் ஆள் வண்டியோடு வர வேண்டும்.
அந்த ஆள்
அந்த இரவில்
காய்ச்சலோடு படுத்திருப்பாள்.

ஓட்வார் பேனாவைப் பிடுங்கினான்.
பட்டியலுக்கு மேலே, விளிம்போரம்,
கொட்டை எழுத்தில்: சொரியாசிஸ்.
இருபது வயதிலிருந்து என் முழங்கைகளில் வெள்ளிச் செதில்.
களிம்பும் முழுக்கைச் சட்டையுமாக ஓட்டிவிட்டேன்.
புறங்கழுத்து மச்சத்தை அறுத்தவரிடம்கூடச் சொல்லவில்லை.
அதற்கும் இதற்கும் என்ன?
"அதுவும் உன் காவல் உன்னைக் கடிச்சதுதானே."
நாற்பது வருடம் படகுத்துறையில் கயிறு கட்டியவனுக்கு
இதெல்லாம் எப்படித் தெரியும்?
"நர்ஸ் கொடுத்த தாள்ல இருக்கு.
நீ திருப்பாத பக்கம்."

அதன் பிறகு வேகமாக எழுதினேன்.
எத்தனை வாரத்துக்கு ஒரு முறை ஏற்றுவீர்கள்.
பலிக்கிறதா என்று எந்த மாதம் தெரியும்.
ஸ்கேனில் கட்டி பெரிதாகத் தெரிந்தால்
அது வளர்ச்சியா, வெறும் வீக்கமா, எப்படிப் பிரிப்பீர்கள்.
மீன் எண்ணெய் குடிக்கலாமா
(ஓட்வாரின் அக்கா கேட்கச் சொன்னது).
வண்டி ஓட்டலாமா.
இதற்கு மட்டும் இரண்டு கோடு.

அடியில் நான்கு விரல் அகலம் மிச்சம்.
அங்கே என்ன வர வேண்டும் என்று
எனக்குத் தெரியும்.
எழுதாமல் எழுந்து போய்க் கெட்டிலை வைத்தேன்.
அவன் ஆட்டுக்கொட்டிலை அடைக்கப் போனான்.

திரும்பி வந்து,
முதல் படகு எத்தனை மணிக்கு என்று பார்க்க
தாளைத் திருப்பினேன்.
ஆறு ஐந்து.
அச்சிட்ட எண்களுக்கு நடுவே,
ஒன்பது நாற்பதுக்குப் பக்கத்தில்,
பென்சிலில், அழுத்தாமல்,
அவன் கையெழுத்து:
பலிக்காவிட்டால்?

எப்போது எழுதினான் என்று தெரியவில்லை.
நானும் கேட்கவில்லை.
அதே எழுத்துகளின் மேல்
பேனாவால் ஒரு முறை போனேன்,
கறுப்பாக,
டாக்டர் கண்ணில் படாமல் போய்விடாதபடி.

கொட்டிலின் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.
மறுபக்கம் திருப்பி
மீன் எண்ணெயை அடித்தேன்.
பிறகு மறுபடி எழுதினேன்.
அக்கா விடமாட்டாள்.