பதினாலாம் கேள்வி

கொள்முதல் நிலையத்துத் தராசை
இரவல் வாங்கி வந்தேன்.
குறுவை முடிந்து, சம்பா இன்னும் வரவில்லை;
சும்மாதான் கிடந்தது.
தட்டின் இடுக்கில் ஒரு நெல்மணி
முளைத்துக் காய்ந்திருந்தது.

நீடாமங்கலம், ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவு.
முதலில் பிள்ளை, பிறகு பை.
அஸ்லம் முப்பத்தாறு, பை ஏழரை.
ஜெனிட்டா நாற்பது, பை ஆறு.
"இன்னைக்கு வெள்ளி சார், திங்கக்கிழமை வந்து பாருங்க."
இலக்கியா முப்பத்தொன்று.
பை எட்டு கிலோ இருநூறு.
தண்ணீர் பாட்டிலை உருவிவிட்டு
மறுபடி நிறுக்கச் சொன்னாள்,
எடையில் நான் ஏதோ தில்லுமுல்லு செய்வதுபோல.

தாளில் பதிமூன்று கேள்விகள்.

பையை எந்தத் தோளில் மாட்டுவாய்?
ரெண்டுலயும்தான், இடது வார் அறுந்துபோற வரைக்கும்.
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாய்?
பெல் அடிக்கிற வரைக்கும்.
விளையாட்டு?
கோ-கோ. இப்ப பி.டி. பீரியடை கணக்கு சார் எடுத்துக்கிறார்.
கைபேசி?
அப்பாவோடது. அது தூங்குனப்புறம், குப்புறப் படுத்துக்கிட்டு.
வீட்டில் யாருக்காவது இடுப்பு வலி உண்டா?

அதற்கு அவள் சிரித்தாள்.
பின்பெஞ்சு வரை சிரிப்பு போய்த் திரும்பியது.
அப்புறம்தான் தெரிந்தது,
இந்தத் தராசுக்கும் லாரிக்கும் நடுவே
நாற்பது கிலோ மூட்டையோடு
மாசி முழுக்க நடக்கிறவர் காத்தமுத்து,
அவளுடைய அப்பா.

வலிக்குதுன்னு சொன்னா திட்டுவாரா?
"திட்டாது சார். எங்கன்னு கேக்கும்.
அதுக்கு வலிக்கிற இடத்தைக் காட்டும்.
ஒரே எடம்தான். ஒரே தைலம்தான்."

பெஞ்சை அளந்தேன்.
ஆறாம் வகுப்பு அளவில் எப்போதோ அடித்தது.
அஸ்லம் குடைபோல மடிந்துதான்
அதற்குள் போகிறான்.

பைதான் காரணம் என்று
அடித்துச் சொல்ல முடியாது;
நான் படித்ததெல்லாம் அப்படித்தான் தயங்குகிறது.
தூக்கம் கெட்டது, பரீட்சை பயம்,
ஓடாமல் கிடக்கும் கால்கள்,
யாரிடமும் சொல்லாத ஏதோ ஒன்று,
இவையும் இடுப்பில் வந்து குந்திக்கொள்ளுமாம்.
அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சாயங்காலம் அவர்கள் ஏறிய பஸ்ஸில்தான் நானும்.
எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.
முப்பத்தெட்டு வயதுக்கு அவ்வளவு மரியாதை.
இருநூறு அடி போயிருக்காது,
கேட் போட்டாச்சு.
டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினார்,
டீ குடிக்க.

பிள்ளைகள் நின்றார்கள்.
கம்பியில் ஒரு கை, வாரில் ஒரு கை.
ஒருவர் பை இன்னொருவர் மார்பில் இடிக்க
பத்து நிமிஷம். பதினைந்து.
பிறகு வந்தது சரக்கு ரயில், அவசரமே இல்லாமல்,
பெட்டி பெட்டியாகக் குறுவை நெல்.
இலக்கியா உதடு அசையாமல் எண்ணினாள்.
மூட்டையையா பெட்டியையா, தெரியவில்லை.

"சார், புடிங்க."
கேட்டதுகூட இல்லை, கொடுத்துவிட்டாள்.
எட்டு கிலோ இருநூறு என் மடியில்.
அதன்மேல் ஜெனிட்டா. அதன்மேல் அஸ்லம்.
பெயர் குறிக்காத ஒரு பொடியன்
தன் பங்குக்குச் சாப்பாட்டுக் கூடையை வைத்தான்.
எனக்கு முன்னால் உலகம் மறைந்தது.
கடைசிப் பெட்டி போயிற்றா என்று
அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பென்சில் எப்படியோ கைக்கு எட்டியது.
தாளின் அடியில், கோணலாக எழுதினேன்:

பதினாலு.
கேட் போட்டால்
பையை வாங்கிக்கொள்ள
யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?